கறுப்புப் பைக்குள் மறையும் கறி

"பன்றிக்கறி சாப்பிடுவீர்களா? எத்தனை நாளைக்கு ஒருமுறை? எதற்காகச் சாப்பிடுகிறீர்கள்?"

கேட்பதற்கு எளிய கேள்விகள்தான். ஆனால் எண்ணூர் முதல் ராயபுரம் வரையுள்ள நம் தெருக்களில் இவற்றுக்குக் கிடைக்கும் பதில், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. கூட வேலை செய்யும் நண்பர் கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்தே சாப்பிடலாம்" என்று பதில் வரும். வீட்டு உரிமையாளர் கேட்டால், "ஐயோ, அதெல்லாம் தொடவே மாட்டோம்" என்று வரும். பள்ளிக்கூடத்தில் சக மாணவன் கேட்டால் பதிலே வராது, பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். கணக்கெடுக்க வந்தவர் கேட்டால், "எப்பவாவது" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கறி. பதில் மட்டும் நான்கு விதம். எந்த உணவைப் பற்றி உண்மையைச் சொல்ல மனிதர் ஆளைப் பார்த்துத் தயங்குகிறாரோ, அந்த உணவின் மேல் சாதி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இந்த வாரம் அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

முதலில் உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடுவோம். பன்றிக்கறி நம் பகுதியில் அன்றாட உணவு இல்லை. எண்ணூர் கடலும் கழியும் ஆறும் சூழ்ந்த ஊர். மீன்தான் இங்கே முதல் உணவு. மீனுக்கு அடுத்தபடியாகக் கோழியும், வட சென்னையின் உழைக்கும் குடும்பங்களில் மாட்டுக்கறியும் வரும். பன்றிக்கறி இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். கோழிக்கடையும் மாட்டுக்கறிக் கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். பன்றிக்கறி வாங்க வேண்டுமானால் இடம் தெரிந்தவரைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்.

சாப்பிடுபவர்களையும் ஒரே கூட்டமாகப் பார்க்க முடியாது. சனிக்கிழமை கூலி வாங்கி ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீட்டில் அது வாரக்கறி. சிலருக்கு மாதம் ஒருமுறை. கிறிஸ்துமஸ், பொங்கல் போன்ற பண்டிகை நாட்களில் மட்டும் ஆக்குபவர்கள் உண்டு. தென்மாவட்டங்களில் சுடலைமாடனுக்குப் படைத்து உண்ணும் குடும்பங்களிலிருந்து வேலை தேடி இங்கே வந்தவர்களுக்கு அது கொடை நாளின் உணவு. மூலநோய் வந்தபோது மட்டும் மருந்தாக நினைத்து உண்பவர்கள் ஒரு சாரார். ஒருமுறைகூடத் தொடாதவர்களும் நம் தெருக்களில் ஏராளம். 'தலித் என்றால் பன்றிக்கறி' என்று பேசுபவர்கள் இந்தக் கடைசிச் சாராரை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அரசுக் கணக்கில் இந்த வேறுபாடுகள் தெரிவதில்லை. 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 'தினமும், வாரம் ஒருமுறை, எப்போதாவது, ஒருபோதும் இல்லை' என்று நான்கு கட்டங்கள் போட்டு, யார் எதை எத்தனை முறை உண்கிறார்கள் என்று கேட்கிறது. மீனுக்கு ஒரு கேள்வி, முட்டைக்கு ஒரு கேள்வி. மற்றவை எல்லாம் 'கோழி அல்லது இறைச்சி' என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆட்டுக்கறிக்காரரும் பன்றிக்கறிக்காரரும் அங்கே ஒன்று. நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் பன்றிக்கறிக்குத் தனி வரி இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு செலவு என்றுதான் கேட்கும். ஏன் வாங்குகிறீர்கள், ஏன் வாங்காமல் விடுகிறீர்கள் என்று அது கேட்பதில்லை. வாங்கியதைச் சொல்லவே கூச்சப்படும் வீட்டில் அந்தத் தனி வரியும் காலியாகவே போகும்.

ஏன் சாப்பிடுகிறார்கள்?

முதல் காரணம் விலை. ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கும் பணத்தில் இரண்டு கிலோ பன்றிக்கறி வாங்கலாம். பிராய்லர் கோழியைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும், கொழுப்போடு கூடிய கறி ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் நிறைவு தரும். வாணலியில் எண்ணெய் அதிகம் ஊற்றவும் வேண்டியதில்லை. கறியின் கொழுப்பே உருகி அதை வதக்கிக்கொள்ளும். சமையல் எண்ணெய் விலையை ஒவ்வொரு மாதமும் கணக்குப் பார்க்கும் பெண்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

இரண்டாவது காரணம் உழைப்பு. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், ஒப்பந்தக் கூலியாக ஆலைக்குள் போகிறவர், கட்டட வேலை செய்பவர் ஆகியோருக்கு வயிற்றில் நிற்கும் உணவு வேண்டும். கொழுப்பு நீக்கிய பன்றிக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கிறது. தயமின் எனப்படும் பி1 வைட்டமின் மற்ற கறிகளைவிட இதில் அதிகம். இதன் ஈரலில் இரும்புச்சத்து நிறைய உண்டு. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட மாநிலத்தில், மலிவான விலையில் கிடைக்கும் சத்தான உணவு ஒன்றைக் கேலிப் பொருளாக்கி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது காரணம் பழக்கமும் ருசியும். துறைமுகமும் ரயிலும் வட சென்னைக்குப் பல நாட்டுச் சமையலைக் கொண்டுவந்தன. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் விருந்தில் பன்றிக்கறி விண்டாலு உண்டு. 1960-களில் பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பி வட சென்னையில் குடியேறிய தமிழர்கள், பன்றிக்கறி சாதாரண உணவாக இருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள். இன்று நம் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் அசாம், ஜார்க்கண்ட் தொழிலாளர்களில் பலருக்கும் அது ஊர் நினைவூட்டும் உணவு. இவர்களில் யாரும் ருசிக்குக் காரணம் சொல்வதில்லை. ஆட்டுக்கறி சாப்பிடுபவரிடம் 'ஏன்' என்று யாரும் கேட்பதில்லை. பன்றிக்கறி சாப்பிடுபவரிடம் மட்டும் காரணம் எதிர்பார்க்கிறோம் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நான்காவது காரணம் மருந்து. பன்றிக்கறி உடல் சூட்டைத் தணிக்கும், மூலத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுவதும் உண்டு. ஊரில் மற்ற நாட்களில் முகம் சுளிப்பவர்கள்கூட, மூலம் வந்தால் ஆள் அனுப்பி வாங்கி உண்பதைக் கிராமத்து வாசகர்கள் அறிவார்கள். இந்த நம்பிக்கையை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் போனால் மருத்துவரிடம் போவதே சரி. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்வோம்: மருந்து என்று பெயர் வைத்தவுடன் அதே கறியின் தீட்டு போய்விடுகிறது.

ஐந்தாவது காரணத்தை எண்ணூர்க்காரர்கள் தனியாகச் சொல்ல வேண்டும். கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழியும் ஒரு காலத்தில் ஏழைக்குப் பணம் கொடுக்காமலே புரதம் தந்தன. கழியில் கையால் தடவியே இறால் பிடித்து வந்து குழம்பு வைத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய்க் கழிவு, அலையாத்தி மரங்களின் வேர்வரை கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அமோனியா வாயுக் கசிவில் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். கழியில் மீன் குறையக் குறைய, முன்பு காசில்லாமல் கிடைத்த சத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. கடையில் எது மலிவு என்று பார்ப்பது அப்போது ஏழையின் குற்றமாகுமா?

ஆற்றில் சாம்பலைக் கொட்டுவதை யாரும் தீட்டு என்று சொல்வதில்லை. அந்த ஆற்றங்கரையில் வாழ்பவர் தட்டில் இருக்கும் கறியைத்தான் அசுத்தம் என்கிறார்கள்.

ஏன் சாப்பிடுவதில்லை?

சாப்பிடாதவர்களின் காரணங்களையும் மதிப்போடு பேச வேண்டும். இஸ்லாமியர்களுக்கு அது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இஸ்லாமியக் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தில் அதைக் கலக்காமல் பார்த்துக்கொள்ளும் நாகரிகம் நம் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிலருக்கு அதன் வாசனை பிடிக்காது, சிலருக்குக் கொழுப்பு ஒத்துக்கொள்ளாது. இதய நோய் உள்ளவர்களை மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார். இவை எல்லாம் நியாயமான காரணங்கள். உண்ணாமல் இருக்கும் உரிமையும் உண்ணும் உரிமையைப் போன்றதே.

நம் சண்டை ஒரே ஒரு காரணத்தோடுதான். 'சாப்பிட்டால் நம்மைக் கேவலமாக நினைப்பார்கள்' என்ற காரணம். பிடித்திருந்தும், கையில் பணம் இருந்தும், உடம்புக்கு ஒத்துக்கொண்டும், ஊர் பேசும் என்பதற்காகவே விட்டுவிடுகிறார்கள் பலர். விட முடியாதவர்கள் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, தெருமுனையில் தெரிந்தவர் முகம் பார்த்தால் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வீடு சேர்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திருட்டுப் பொருள்போல் கொண்டுபோக வைப்பது எது?

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது?

தமிழ் மண்ணில் இது தொன்றுதொட்டு இருந்ததா என்று மாணவர்கள் கேட்கலாம். இல்லை என்பதற்கு நம் தொண்டை நாட்டிலேயே சான்று இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறப் பாணனுக்கு வழி காட்டும் நூல். வழியில் வரும் கடற்கரைப் பட்டினத்தில் என்ன விருந்து கிடைக்கும் என்று புலவர் சொல்கிறார். கள் காய்ச்சும் பெண்களின் வீட்டில், பெண் பன்றிகளோடு சேரவிடாமல் ஆண் பன்றியைத் தனிக் குழியில் பல நாள் நிறுத்தி, நெல் மாவை ஊட்டிக் கொழுக்க வைத்து, அந்தக் கொழுத்த கறியைக் கள்ளோடு விருந்தினருக்குத் தருவார்கள் என்கிறார். அரசனைக் காணப் போகும் கலைஞனுக்குத் துறைமுகத்து ஊரில் காத்திருந்த விருந்து இது. தனியே அடைத்து, மாவு கொடுத்து வளர்த்தார்கள் என்பதையும் கவனியுங்கள். பண்ணை முறையில் பன்றி வளர்ப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு அதுவே விடை.

பக்தி நூலுக்குப் போனாலும் இதே கதைதான். பெரிய புராணத்தின் கண்ணப்பர், தான் வேட்டையாடிய காட்டுப்பன்றியின் கறியை நெருப்பில் வாட்டி, வாயிலிட்டுச் சுவை பார்த்து, நல்லதை மட்டும் காளத்தி நாதருக்குப் படைத்தார். சிவகோசரியார் பதைத்தார், சிவன் பதைக்கவில்லை. கண்ணப்பரை அறுபத்துமூவரில் ஒருவராக வைத்து வணங்கும் அதே ஊர், அந்தக் கறியை இன்று உண்பவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்துகிறது.

அண்டை மாநிலத்தைப் பார்ப்போம். கர்நாடகத்தின் குடகு மலையில் 'பந்தி கறி' என்பது குடவர்களின் திருமண விருந்தில் பெருமையோடு பரிமாறப்படும் பன்றிக்கறி. கருமிளகும் கச்சம்புளியும் சேர்த்துச் சமைத்து, கடம்பிட்டு என்ற அரிசி உருண்டையோடு உண்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் தேடிப் போய்ப் பணம் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கோவாவிலும், கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர் வீடுகளிலும், நாகாலாந்திலும் அது மதிப்புள்ள உணவு. உலகில் உண்ணப்படும் பன்றிக்கறியில் ஏறத்தாழப் பாதியைச் சீனர்கள் உண்கிறார்கள். சீன மொழியில் வீடு, குடும்பம் என்று பொருள்படும் எழுத்தே, ஒரு கூரைக்கடியில் பன்றி நிற்பதுபோல் அமைந்தது.

குடகில் நிலம் வைத்திருப்பவர் உண்டால் அது பண்பாடு. நட்சத்திர ஓட்டலில் பேக்கன் என்ற பெயரில் காலை உணவாக வந்தால் அது நாகரிகம். எண்ணூரில் கூலிக்காரர் உண்டால் மட்டும் அது கேவலம். கறி ஒன்றுதான். மாறுவது உண்பவரின் சாதியும் பணமும். அப்படியானால் இழிவு கறியில் இல்லை என்பது தெளிவாகிறது. யாரை இழிவு செய்ய வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டு, அவர் தட்டில் காரணம் தேடுகிறார்கள்.

இதைச் சினிமாவும் நமக்குக் காட்டியிருக்கிறது. மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே இயக்கி 2013-இல் வெளிவந்த 'ஃபண்ட்ரி' படம், ஊரின் பன்றிகளைப் பிடிக்கும் வேலை சுமத்தப்பட்ட ஒரு குடும்பத்துச் சிறுவனின் கதை. தமிழோடு உறவுடைய கைக்காடி மொழியில் பன்றிக்கான சொல்தான் அந்தத் தலைப்பு. நம் காதில் 'பன்றி' என்றே விழுகிறது. தமிழில் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' 2023-இல் வந்தபோது, பன்றி வளர்க்கும் ஒருவன் கதாநாயகனாகத் திரையில் நின்றான். சிங்கத்தை உயர்த்தப் பன்றியைத் தாழ்த்தும் வசனங்களுக்குக் கைதட்டியே பழகிய திரையரங்குகளில், பன்றிக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சும் நாயகனைப் பார்த்தது ஒரு மாற்றம்.

அசுத்தம் என்ற வாதம்

"சாதிக்காகச் சொல்லவில்லை, பன்றி அசுத்தத்தைத் தின்கிறது, அதனால்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது, விடை சொல்ல வேண்டும்.

பன்றி கிடைத்ததைத் தின்னும் விலங்கு. மாவு கொடுத்தால் மாவு தின்னும், சாக்கடையில் விட்டால் சாக்கடையில் மேயும். மூடாத சாக்கடையும், அள்ளாத குப்பையும், கழிப்பறை இல்லாத தெருவும் எங்கே இருக்கின்றனவோ அங்கே அது அசுத்தம் தின்கிறது. நகரத்தின் குப்பையைக் கொடுங்கையூரில் கொட்டுவது யார்? வட சென்னையின் குடிசைப் பகுதிகளுக்குக் கழிவுநீர்க் குழாய் கடைசியாக வந்தது ஏன்? மனிதர் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்ய 1993-இலும் 2013-இலும் இரண்டு சட்டங்கள் போட்ட பிறகும், சாக்கடைக்குள் இறங்கி நம் சகோதரர்கள் சாவது நிற்கவில்லையே, ஏன்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் பன்றியைக் குற்றம் சொல்வது எளிது.

நோய் பற்றிய பயமும் இருக்கிறது. நாடாப்புழுவால் வரும் ஆபத்து உண்மையானது. சரியாக வேகாத, புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியை உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டைகள் மனிதர் மலத்தில் வெளியேறும். திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைப் பன்றி தின்றால் அதன் உடலில் மீண்டும் புழுக்கட்டி உண்டாகும். அதே முட்டைகள் கழுவாத கை, காய்கறி, தண்ணீர் வழியாக மனிதர் வயிற்றுக்குள் போனால், மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்கும். இந்நோய் வேரூன்றிய பகுதிகள் பலவற்றில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்த நோயைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மூளைக்குப் போகும் முட்டை பன்றிக்கறியில் இருப்பதில்லை, புழு உள்ள மனிதரின் மலத்தில்தான் இருக்கிறது. பன்றிக்கறியை வாழ்நாளில் தொடாத சைவருக்கும் இந்த வலிப்பு வரலாம். எனவே இதற்குத் தீர்வு, எல்லோருக்கும் கழிப்பறை, சோப்புப் போட்டுக் கை கழுவுதல், அடைத்து வளர்த்த பன்றி, பரிசோதித்த கறி, உள்ளே சிவப்பு தெரியாமல் முழுக்க வேகவைத்த சமையல் ஆகியவை. ஏளனத்தால் ஒரு புழுவும் சாவதில்லை.

பெயர் செய்யும் கேட்டுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2009-இல் பரவிய காய்ச்சலுக்கு உலகம் 'பன்றிக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தது. கறி உண்பதால் அது வராது என்று உலக சுகாதார நிறுவனம் விளக்கி, சில நாட்களிலேயே அந்தப் பெயரைக் கைவிட்டு எச்1என்1 என்று அழைக்கத் தொடங்கியது. அதற்குள் எகிப்து அரசு நாட்டிலுள்ள சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டுவிட்டது. கெய்ரோ நகரில் குப்பை அள்ளும் காப்டிக் கிறிஸ்தவ ஏழைகள் வளர்த்த பன்றிகள் அவை. நகரத்தின் உணவுக் கழிவைத் தின்று தீர்த்தவையும் அவைதான். பன்றிகள் போன பிறகு கெய்ரோ தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்தவர்களின் பிழைப்பை, சுத்தத்தின் பெயராலேயே அழித்தார்கள். குப்பை அள்ளுபவரையும் பன்றி வளர்ப்பவரையும் ஒரே பார்வையில் பார்க்கும் நம் ஊருக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

அண்ணல் சொன்னதும் நாம் செய்வதும்

"அண்ணல் அம்பேத்கரே இப்படிப்பட்ட உணவை விடச் சொன்னாரே" என்று நம் இளைஞர்களில் சிலர் கேட்கிறார்கள். 1927 மார்ச் மாதம் மகாடில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் இறைச்சியை. ஊரில் செத்த மாட்டை இழுத்துப் போடுவது நம் மக்கள் மேல் சுமத்தப்பட்ட அடிமை வேலை. அந்தக் கறி அந்த அடிமை வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கூலிக்குப் பதிலாக எச்சிலையும் செத்ததையும் வாங்காதே என்பதுதான் அந்த அறைகூவலின் பொருள் என்று நாம் கொள்கிறோம். பின்னர் 1948-இல் எழுதிய 'தீண்டப்படாதார்' நூலில், உணவு வழக்கத்தைத் தீண்டாமையோடு பிணைத்த வரலாற்றை அவரே ஆராய்ந்தார். உழைத்த காசில், தான் தேர்ந்தெடுத்து, நல்ல கறி வாங்கி உண்பது வேறு. ஊர் தூக்கி எறிந்ததை உண்ண நேர்வது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கசப்பான இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். நம் குடியிருப்புகளுக்குள்ளேயே, மாட்டுக்கறி உண்பவர் பன்றிக்கறி உண்பவரைத் தாழ்வாகப் பேசும் வழக்கம் இருக்கிறது. 'அவங்க பன்னி தின்றவங்க' என்று சொல்லிப் பெண் கொடுக்க மறுப்பது இருக்கிறது. அருந்ததியர் மக்களையும் குறவர் மக்களையும் நோக்கி அந்தச் சொல் நம் வாயிலிருந்தே போகிறது. மேலே இருப்பவர் நம்மைப் பார்க்கும் பார்வையை அப்படியே வாங்கி, பக்கத்தில் இருப்பவர் மேல் வைத்துவிட்டு, சாதி ஒழிக என்று கோஷம் போடுவதில் பயனில்லை. மேடையில் பேசும் சமத்துவம் முதலில் நம் பந்தியில் வர வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒன்று, பன்றிக்கறிக் கடைக்கும் மற்றக் கடைகளுக்குரிய மதிப்பும் கண்காணிப்பும் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், ஆடு, மாடு, கோழி, மீன் ஆகியவற்றோடு பன்றியையும் உணவு விலங்காகவே வைத்திருக்கின்றன. சட்டத்தில் சமமாக இருப்பது தெருவிலும் சமமாக வேண்டும். திருவொற்றியூர் மண்டலத்தில் பன்றிக்கும் சுத்தமான வெட்டுமிடம், கால்நடை மருத்துவர் பரிசோதனை, கண்ணாடி அடைப்பு, தண்ணீர், உரிமம் ஆகியவை கிடைக்க மாநகராட்சி வழி செய்ய வேண்டும். முட்டுச்சந்தில் ஒளிந்து விற்க வைத்துவிட்டு, சுகாதாரம் இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

இரண்டு, கிராமத்து இளைஞர்கள் வெண்பன்றி வளர்ப்பைத் தொழிலாகப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக நிலையம் இதில் ஆய்வும் பயிற்சியும் நடத்துகிறது. தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு 50 விழுக்காடு மூலதன மானியம், உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய் என்று 2021-இல் வகுத்தார்கள். மானியம் உண்டு. ஆனால் நிலமும் வங்கிக் கடனும் இல்லாதவருக்கு அது எட்டாத கனி. தலைமுறையாகப் பன்றி வளர்த்து ஏச்சு வாங்கியவர்களைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு, பணம் உள்ளவர் அதையே பண்ணையாக நடத்தி மானியம் வாங்கும் நிலை வரக்கூடாது. பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குத் தாட்கோ மூலம் இந்தத் தொழிலுக்கு இடமும் கடனும் தர அரசு முன்வர வேண்டும்.

மூன்று, கணக்கெடுப்பில் பன்றிக்கறிக்குத் தனிக் கேள்வி வேண்டும். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் சத்துணவுக் கொள்கை வகுக்க முடியாது.

நான்கு, பள்ளிக்கூடம். பிள்ளையின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துக் கேலி பேசுவது விளையாட்டு இல்லை. அந்தக் கேலியில் சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி சொல்லப்படுகிறது. ஆசிரியர்கள் அதை அந்த நொடியே தடுக்க வேண்டும். 'பன்னி' என்று ஒருவனை ஏசும்போது சிரிக்கும் வகுப்பறையில், அதை வளர்த்துத் தன் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாயின் மகனும் உட்கார்ந்திருக்கிறான்.

ஐந்து, வாடகை வீடு. 'என்ன சாப்பிடுவீங்க?' என்று வீட்டுக்காரர் கேட்கும்போது அவர் அறிய விரும்புவது பெரும்பாலும் சமையலைப் பற்றி இல்லை. சாதியை நேராகக் கேட்கக் கூசுபவர்கள் சட்டியைக் கேட்கிறார்கள். அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அது வேறு கேள்வியின் உருவத்தில் வாசலில் நிற்பதை நாம் அடையாளம் கண்டு சொல்ல வேண்டும்.

மாணவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். பன்றிக்கறி உண்பது புரட்சி என்று நாம் சொல்லவில்லை. பிடிக்காதவர் நம்மோடு சேர்வதற்காக அதை உண்ண வேண்டியதும் இல்லை. உங்கள் வீட்டில் ஆக்கினால் ஆக்குகிறோம் என்று சொல்லுங்கள். ஆக்காவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். வாரம் ஒருமுறை என்றால் வாரம் ஒருமுறை, விலை மலிவு என்றால் விலை மலிவு. பிடித்திருக்கிறது என்பதே காரணமானால் அதுவே போதும். யார் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்ல முடிகிற நாளில்தான் ஒரு மனிதர் தன் வீட்டுச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிடுகிறார். அதுவரை அந்தக் கறுப்புப் பையைச் சுமப்பது அவர் கை மட்டுமில்லை, ஊர் முழுவதும்தான்.